‘எதுவுமே’ என்பதை விட்டு ‘கொஞ்சமாவது’ என்பதற்கு வருவது எப்படி

காலையில் அரை மணி நேரம் நடக்கணும் என்று முந்தின இரவே முடிவெடுத்திருப்போம். கண் விழிக்கும்போதே தாமதமாகியிருக்கும், கிளம்புவதற்கு முன் கையில் மிஞ்சுவது 12 நிமிடம். சரி, இன்றைக்கு விட்டுவிடலாம், நாளைக்கு ஒழுங்காக நடந்துகொள்ளலாம் என்று உட்கார்ந்துவிடுவோம், அந்த 12 நிமிடமும் போனைப் பார்ப்பதில் போய்விடும். தாமதமாக எழுவது எல்லோருக்கும் நடப்பதுதான். எனக்கு உறுத்துவது, 12 நிமிடத்தைப் பூஜ்ஜியம் என்று எழுதினோமே, அந்தக் கணக்கு.

இதே கணக்கை நாள் முழுக்கப் போடுகிறோம். வீடு முழுவதையும் ஒதுக்க நேரமில்லை என்பதால் மேஜையைக்கூடத் துடைப்பதில்லை. நண்பருக்கு நீளமாகப் பதில் எழுதணும் என்று நினைத்துக்கொண்டே மூன்று வாரம் ஒரு வரிகூட எழுதாமல் இருக்கிறோம். மேலதிகாரி ஒரு பத்தியைத் திருத்தச் சொன்னால் மொத்த அறிக்கையும் குப்பை என்று எடுத்துக்கொள்கிறோம். பேச்சு வழக்கில் இதை வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்போம், உளவியலில் கறுப்பு-வெள்ளைச் சிந்தனை என்கிறார்கள். அமெரிக்க மனநல மருத்துவர் ஆரோன் பெக் 1960களில் தொடங்கி, மனச்சோர்வில் இருப்பவர்கள் தங்களுக்குள் என்ன சொல்லிக்கொள்கிறார்கள் என்பதைக் கேட்டுக் கேட்டுக் குறித்துவைத்தார். அவரும் அவரோடு வேலை செய்தவர்களும் கண்ட யோசனைக் கோணல்களில் இதுவும் ஒன்று. மனச்சோர்வு இல்லாதவர்களுக்கும் இது உண்டு. களைப்பாக இருக்கும்போதும் பயந்திருக்கும்போதும் இன்னும் கூடும். கீழே சொல்லும் பயிற்சிகளில் பல, பெக் தொடங்கிவைத்த சிகிச்சை முறையிலிருந்து வந்தவை, சில என் அனுபவத்தில் சேர்ந்தவை.

என் அனுபவம் ஒரு செலவுக் கணக்கு நோட்டில் தொடங்கியது. 11 நாள் ஒழுங்காக எழுதினேன். அப்புறம் வீட்டில் ஒருவருக்கு உடம்பு சரியில்லாமல் போய், 3 நாள் நோட்டைத் திறக்கவே இல்லை. விட்டுப்போன மூன்று நாள் செலவு சரியாக நினைவில்லை, அதனால் மாதக் கூட்டல் எப்படியும் தப்பாகத்தான் வரும், அடுத்த மாதம் 1ஆம் தேதி புதுசாகத் தொடங்கிக்கொள்ளலாம் என்று மூடி வைத்தேன். அடுத்த 1ஆம் தேதியும் வந்தது, போனது. இப்படியே 8 மாதம். அதற்குள் ஒரு தவணையை இரண்டு முறை தவறவிட்டு அபராதம் கட்டினேன், நோட்டு திறந்தே இருந்திருந்தால் அது கண்ணில் பட்டிருக்கும். கடைசியில் ஒரு நாள், மாதத்தின் நடுவில், அதே நோட்டில் அதே பக்கத்தில் ‘இடையில் 8 மாதம் எழுதவில்லை’ என்று ஒரு வரி எழுதி, அதற்குக் கீழேயே அன்றைய தேதியைப் போட்டுத் தொடர்ந்தேன். புது நோட்டு வாங்கவில்லை. அந்த ஒரு வரியை எழுதும்போது கை கூசியது உண்மை. ஆனால் அதற்குப் பிறகுதான் நோட்டு ஓடியது.

தண்ணீர் எங்கே நிற்கிறது என்று பாருங்கள்

பயிற்சிக்குப் போவதற்கு முன் ஒரு விஷயம் மனதில் பதிய வேண்டும், இது பதியாவிட்டால் மற்றது எல்லாம் வெறும் குறிப்பாக நின்றுவிடும். தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் போனால் என்ன முழம் போனால் என்ன என்று ஒரு பழமொழி உண்டு. உண்மையிலேயே தலைக்கு மேல் போயிருந்தால் சரிதான். ஆனால் நாம் அதைச் சொல்கிற பெரும்பாலான நேரங்களில் தண்ணீர் கணுக்காலில்தான் நிற்கிறது. ஒரு நாள் நடக்கவில்லை, ஒரு நாள் திட்டத்தை மீறிச் சாப்பிட்டுவிட்டோம், ஒரு மின்னஞ்சலுக்குப் பதில் போடவில்லை, அவ்வளவுதான். ‘இனிமேல் என்ன’ என்று சொன்ன பிறகு நாமாக நடந்துபோய்த்தான் ஆழத்தில் இறங்குகிறோம்.

இதைப் பரிசோதித்தே பார்த்திருக்கிறார்கள். 1975இல் வெளிவந்த ஓர் ஆய்வில் பீட்டர் ஹெர்மனும் டெபோரா மாக்கும், சிலருக்கு முதலில் மில்க் ஷேக் கொடுத்துவிட்டு, பிறகு ஐஸ்கிரீமைச் சுவைத்துக் கருத்துச் சொல்லும்படி கேட்டார்கள், எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்றும் சொன்னார்கள். உணவில் கட்டுப்பாடு வைத்திருக்காதவர்கள், மில்க் ஷேக் குடித்திருந்தால் ஐஸ்கிரீமைக் குறைவாகச் சாப்பிட்டார்கள், வயிறு நிரம்பியிருக்கிறது அல்லவா. கட்டுப்பாட்டில் இருந்தவர்களோ மில்க் ஷேக் குடித்த பிறகு, அதைக் குடிக்காத கட்டுப்பாட்டாளர்களைவிட அதிகமாகச் சாப்பிட்டார்கள். கட்டுப்பாடுதான் உடைந்துவிட்டதே, இனி எதற்கு என்ற எண்ணம்தான் இதற்குக் காரணம் என்று விளக்குகிறார்கள்.

அதற்கு எதிர்ப்பக்கம் இன்னொரு ஆய்வு, எனக்கு ரொம்பப் பிடித்தது. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை 12 வாரம் கவனித்தார்கள். ஒவ்வொருவரும் தினமும் செய்ய ஒரு சின்னப் பழக்கத்தைத் தேர்ந்தெடுத்துக்கொண்டார்கள். 2010இல் அச்சான அந்த ஆய்வின்படி, பழக்கம் தானாக வரும் நிலைக்குப் போக நடுவாக 66 நாள் பிடித்தது, ஆனால் ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை கணக்கு விரிந்தது (12 வாரத்தைத் தாண்டிய எண்கள், அதுவரையான போக்கை வைத்துக் கணித்தவை). அதில் இன்னொன்றும் தெரிந்தது: இடையில் ஒரு நாள் விட்டுப்போனதால் பழக்கம் உருவாவது குறிப்பிடும்படி பாதிக்கப்படவில்லை. 21 நாள் விடாமல் செய்தால்தான் பழக்கமாகும், ஒரு நாள் விட்டால் முதலிலிருந்து எண்ணணும் என்று யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால், தயவுசெய்து அதை இன்றோடு விட்டுவிடுங்கள்.

முதல் படி: காதைத் தீட்டிக்கொள்வது

மூன்று நாளைக்கு எதையும் மாற்ற முயலாதீர்கள். உங்கள் பேச்சையும் மனதுக்குள் ஓடும் பேச்சையும் கேளுங்கள், அது போதும். எதைக் கேட்பது? தமிழில் இது ரொம்பச் சுலபம், ஏனென்றால் இந்தச் சிந்தனை பெரும்பாலும் சொல்லின் கடைசியில் ‘மே’ என்று வந்து உட்கார்ந்துகொள்கிறது. எதுவுமே, யாருமே, எப்பவுமே, ஒண்ணுமே, எல்லாமே. ‘எதுவுமே சரியா நடக்கல’, ‘யாருமே எனக்கு உதவல’, ‘நான் எப்பவுமே இப்படித்தான்’. கூடவே சுத்தமா, மொத்தமா, துளிகூட, அடியோட என்ற சொற்கள் வரும்.

சொற்களுக்குப் போய் இவ்வளவு முக்கியத்துவமா என்று தோன்றலாம். பிரிட்டனின் ரெடிங் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இரண்டு ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வில், பதற்றம், மனச்சோர்வு, தற்கொலை எண்ணம் ஆகியவற்றோடு போராடுகிறவர்கள் இணையத்தில் ஆங்கிலத்தில் எழுதியதை எடுத்து எண்ணிப் பார்த்தார்கள். இப்படிப்பட்ட அறுதிச் சொற்கள் மற்றவர்களின் எழுத்தில் இருப்பதைவிட அவர்களின் எழுத்தில் கணிசமாக அதிகம் இருந்தன. சொல் நோயை உண்டாக்குகிறது என்று இதற்கு அர்த்தமில்லை. சொல் ஒரு தடயம், அதைப் பிடித்தால் பின்னால் இருக்கும் யோசனையையும் பிடிக்கலாம்.

போனிலோ ஒரு தாளிலோ அந்த வாக்கியத்தை அப்படியே, அலங்காரம் இல்லாமல், எழுதிக்கொள்ளுங்கள். பக்கத்தில் நேரத்தையும் போடுங்கள். மூன்றாம் நாள் எடுத்துப் பார்த்தால் பலருக்கும் ஒரே மாதிரியான நேரத்தில், வேலை முடிந்து வீடு திரும்பும் நேரம் அல்லது தூங்கப் போகும் முன், வாக்கியங்கள் குவிந்திருக்கும். அந்த நேரத்தில் எந்த முடிவும் எடுக்க வேண்டாம், குறிப்பாக வேலையை விடுவது, உறவை முறிப்பது மாதிரியான முடிவுகள்.

இரண்டாம் படி: ‘மே’ இருக்கும் இடத்தில் ‘ஆவது’

இதே தமிழில் இதற்கான மருந்தும் இருக்கிறது. பத்து நிமிஷமாவது, ஒரு பக்கமாவது, ஒரு வரியாவது. ‘ஆவது’ என்று சொன்னதும், பூஜ்ஜியத்துக்கும் நூறுக்கும் நடுவில் ஓர் இடம் திறக்கிறது. குறித்துவைத்த வாக்கியங்களை எடுத்து ஒவ்வொன்றையும் இப்படித் திருப்பி எழுதுங்கள்.

‘இன்னிக்கு ஒண்ணுமே நடக்கல’ என்பதை எடுத்துக்கொண்டால்: ‘மூன்று வேலை நினைத்திருந்தேன். ஒன்றாவது முடிந்தது. இரண்டாவது பாதியில் நிற்கிறது. மூன்றாவதைத் தொடவில்லை.’ கவனித்தீர்களா, இதில் எந்த இனிப்பும் இல்லை. தொடாததைத் தொடவில்லை என்றே எழுதியிருக்கிறது. இதை நல்லதையே நினைக்கும் பயிற்சி என்று புரிந்துகொண்டவர்கள் இரண்டு நாளில் சலித்து விட்டுவிடுவார்கள், ஏனென்றால் நம் மனசு பொய்யை உடனே கண்டுபிடித்துவிடும். ‘நான் எல்லாவற்றையும் அருமையாகச் செய்கிறேன்’ என்பதும் கறுப்பு-வெள்ளைதான், வெள்ளைப் பக்கம். நமக்கு வேண்டியது துல்லியம். எவ்வளவு நடந்தது, எவ்வளவு நடக்கவில்லை, எந்த இடத்தில் நின்றது.

அப்படித் திருப்பி எழுதிய பிறகும் மோசமாகத் தெரிந்தால், அது உண்மையிலேயே மோசமான நாளாக இருக்கலாம். அதுவும் சரி.

மூன்றாம் படி: அளவுகோல் வரைவது

இதற்குக் கொஞ்சம் நேரம் ஒதுக்குங்கள், 20 நிமிடமாவது, ஏனென்றால் இதுதான் எனக்குத் தெரிந்து ஆழமாக வேலை செய்யும் பயிற்சி. உளவியல் ஆலோசகர்கள் நேரில் செய்யவைப்பதும் இதைத்தான். ‘நான் இந்த வேலைக்கு லாயக்கில்லை’, ‘நான் மோசமான அப்பா’ என்று உங்களைப் பற்றி நீங்களே கொடுத்துக்கொண்ட தீர்ப்பு ஏதாவது இருக்கும், அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கோடு போட்டு இடது ஓரத்தில் 0, வலது ஓரத்தில் 100 என்று எழுதுங்கள். இப்போது அவசரப்பட்டு உங்களை எங்கேயும் குறிக்காதீர்கள். முதலில் 0இல் இருப்பவர் யார் என்று யோசியுங்கள், உண்மையான பூஜ்ஜியம். வேலை என்றால்: சொல்லாமல் கொள்ளாமல் வராமல் இருப்பவர், வந்தாலும் எதையும் தொடாதவர், செய்யாததைச் செய்ததாகப் பொய் சொல்பவர், அடுத்தவர் வேலையையும் கெடுப்பவர். இந்த நாலும் ஒரே ஆளிடம் இருக்க வேண்டும், அப்போதுதான் அது 0. பிறகு 100: ஒரு முறைகூடத் தவறாதவர், எல்லாம் தெரிந்தவர், ஒரு நாளும் சோர்ந்துபோகாதவர். அப்படி ஒருவரை நேரில் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததில்லை. அப்புறம் 25, 50, 75 ஆகிய இடங்களில், உங்களுக்குத் தெரிந்த மனிதர்கள் எந்த மாதிரி இருப்பார்கள் என்று ஒவ்வொரு வரி எழுதுங்கள். இவ்வளவும் முடிந்த பிறகுதான் உங்களுக்கான புள்ளி.

தப்பான கோப்பை வாடிக்கையாளருக்கு அனுப்பிவிட்டு, அன்று முழுக்க ‘நான் லாயக்கில்லை’ என்று குமைந்துகொண்டிருக்கும் ஒருவர் இதைச் செய்தால் பெரும்பாலும் 55, 65 என்று எங்கேயோ வந்து நிற்பார். தன்னை 0 என்று நினைத்துக்கொண்டிருந்தவர், 0 எப்படி இருக்கும் என்று எழுதிப் பார்த்ததும் அந்த இடத்தில் தான் இல்லை என்று தானே கண்டுகொள்கிறார், யாரும் ஆறுதல் சொல்ல வேண்டியதில்லை.

அங்கே நிறுத்தாமல் ஒரு கோட்டை நாலு கோடாகப் பிரியுங்கள். நேரத்துக்கு முடிப்பது, தவறில்லாமல் செய்வது, கூட வேலை செய்கிறவர்களோடு ஒத்துழைப்பது, புதுசாகக் கற்றுக்கொள்வது. நாலிலும் ஒரே எண் வராது. அதே ஆள் முதலாவதில் 80, இரண்டாவதில் 40 என்று வரலாம். இப்போது செய்ய வேண்டியது என்ன என்று தெரிந்துவிட்டது: அனுப்புவதற்கு முன் கோப்பின் பெயரையும் பெறுநரையும் ஒரு முறை சரிபார்ப்பது. ‘லாயக்கில்லை’ என்ற தீர்ப்பை வைத்துக்கொண்டு ஒரு வேலையும் செய்ய முடியாது, 40ஐ 45 ஆக்கலாம்.

நான்காம் படி: ஒரே வேலைக்கு மூன்று அளவு

எந்தப் பழக்கத்துக்கும் மூன்று அளவு முன்கூட்டியே எழுதி வையுங்கள். மோசமான நாள் அளவு, வழக்கமான நாள் அளவு, நல்ல நாள் அளவு. நடப்பது என்றால் 5 நிமிடம், 25 நிமிடம், ஒரு மணி நேரம். படிப்பது என்றால் ஒரு பத்தி, பத்துப் பக்கம், ஓர் அத்தியாயம். வீட்டை ஒழுங்கு செய்வது என்றால் ஒரு மேஜை, ஓர் அறை, முழு வீடு. பதில் எழுதுவது என்றால் ‘உங்கள் கடிதம் பார்த்தேன், வெள்ளிக்கிழமைக்குள் விரிவாக எழுதுகிறேன்’ என்ற ஒரு வரியும் ஓர் அளவுதான், காத்திருப்பவருக்கு அந்த ஒரு வரி எவ்வளவு நிம்மதி என்று யோசித்துப் பாருங்கள்.

5 நிமிடம் நடந்து என்ன ஆகிவிடப் போகிறது என்று கேட்பவர்கள் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2010இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், உடலியக்கம் ஒரே மூச்சில் குறைந்தது 10 நிமிடமாவது இருந்தால்தான் கணக்கில் வரும் என்று இருந்தது. 2020இல் வந்த புதிய வழிகாட்டுதலில் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான இயக்கம் என்ற இலக்கு இருக்கிறது, ஆனால் சும்மா இருப்பதைவிடக் கொஞ்சம் செய்வதும் நல்லது, எந்த அசைவும் கணக்கில் சேரும் என்று அவர்களே வெளிப்படையாகச் சொல்கிறார்கள். நாம் மட்டும் ஏன் நம்மிடம் அதைவிடக் கறாராக இருக்கணும்?

மோசமான நாள் அளவை வைக்கும்போது தலைவலியோடு, தூக்கம் போதாமல், வேலை நெரிக்கும் நாளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கும் முடிகிறதா? முடியும் என்றால் அதுதான் சரியான அளவு. புதிதாகத் தொடங்குகிறவர்கள் செய்யும் பெரிய தப்பு, ஒரு வாரம் நன்றாகப் போனதும் இந்த அடிமட்ட அளவை ஏற்றிவிடுவது. 5 நிமிடத்தை 15 ஆக்குவார்கள், அடுத்த மோசமான நாள் வரும்போது 15 முடியாமல் பூஜ்ஜியத்துக்குப் போவார்கள். நல்ல நாள் அளவை எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றுங்கள், அடிமட்டத்தில் கை வைக்க வேண்டாம், குறைந்தது மூன்று மாதத்துக்கு.

ஐந்தாம் படி: சறுக்குவதற்கு முன்பே பதில் எழுதி வைப்பது

சறுக்கிய நேரத்தில் நல்ல முடிவு எடுப்பது கஷ்டம், அதனால் அந்த முடிவை முன்கூட்டியே எடுத்து வைத்துவிடணும். ஜெர்மன் உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990களிலிருந்து ஆராய்ந்துவரும் ஒரு முறை இருக்கிறது: இன்ன சூழ்நிலை வந்தால் இன்னதைச் செய்வேன் என்று நிபந்தனையோடு எழுதுவது. ‘நான் இனி தவறாமல் படிப்பேன்’ என்ற பொதுவான உறுதியைவிட, இப்படிச் சூழ்நிலையோடு கட்டிய உறுதி நன்றாக வேலை செய்கிறது என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதைச் சறுக்கலுக்குப் பயன்படுத்துங்கள். ‘ஒரு நாள் விட்டுப்போனால், மறுநாள் மோசமான நாள் அளவை மட்டும் செய்வேன்.’ ‘கூட்டத்தில் என் யோசனையை மறுத்தால், அன்று சாயங்காலம் அந்த யோசனையில் எந்தப் பகுதியை மறுத்தார்கள் என்று இரண்டு வரி எழுதுவேன்.’ ‘பிள்ளையிடம் கத்திவிட்டால், பத்து நிமிடம் கழித்துப் போய் மன்னிப்புக் கேட்டு, பாதியில் நின்ற பேச்சைத் தொடர்வேன்.’

இதில் இரண்டு கண்ணி இருக்கிறது. ஒன்று, நேற்று விட்டதையும் சேர்த்து இன்று இரண்டு மடங்காகச் செய்கிறேன் என்று கிளம்புவது. பார்க்கப் பொறுப்பாகத் தெரியும், ஆனால் நேற்றைய பூஜ்ஜியத்தை அழித்தே ஆகணும் என்ற பிடிவாதம்தான் அது, இரண்டு மடங்கு முடியாமல் போனால் மறுபடி எல்லாமே நின்றுவிடும். இன்னொன்று, திங்கட்கிழமைக்காகக் காத்திருப்பது. வாரத் தொடக்கம், மாதத் தொடக்கம், பிறந்தநாள் மாதிரி நாட்களில் புதுசாகத் தொடங்கும் வேகம் மனிதர்களுக்குக் கூடுகிறது என்று 2014இல் ஓர் ஆய்வு வந்தது, அந்த வேகம் நிஜம்தான், வந்தால் பயன்படுத்திக்கொள்ளுங்கள். ஆனால் புதன்கிழமை விட்டுப்போனதற்கு அடுத்த திங்கள் வரை காத்திருந்தால் நடுவில் நாலு நாள் வெறுமனே போகிறது. வியாழக்கிழமையே போதும்.

வேலையிடத்தில்

இங்கே இந்தச் சிந்தனை ‘தரம்’ என்ற நல்ல பெயரில் வரும். முழுமையாக முடியும் வரை யாரிடமும் காட்ட மாட்டேன் என்று இரண்டு வாரம் ஓர் அறிக்கையை மடியில் கட்டிக்கொண்டிருப்பவர்களை எல்லோருக்கும் தெரியும். அப்படி முடித்துக் கொடுத்த பிறகு, கேட்டது வேறு என்று தெரிந்தால் இரண்டு வாரமும் போச்சு. அதனால் தொடங்கும்போதே கேட்டுவிடுங்கள்: ‘சார், இது எதற்குப் பயன்படப் போகிறது? எந்த அளவுக்கு இருந்தால் போதும்?’ இதைக் கேட்பது சோம்பேறித்தனம் என்று நினைத்துப் பலர் கேட்பதில்லை. உள்ளே பேசிக்கொள்வதற்கான ஒரு குறிப்புக்கும், ஒப்பந்தத்துக்குப் போகும் ஆவணத்துக்கும் ஒரே அளவு உழைப்பைப் போட்டால், ஒப்பந்தத்துக்குத் தேவையான கவனம் மிஞ்சாது. பொருளாதார அறிஞர் ஹெர்பர்ட் சைமன் 1950களிலேயே இதைப் பற்றி எழுதினார்: மனிதர்களுக்கு நேரமும் தகவலும் கணக்குப் போடும் திறனும் வரம்புக்கு உட்பட்டவை, எனவே மிகச் சிறந்ததைத் தேடிக்கொண்டே இருப்பதற்குப் பதில் ‘இது போதும்’ என்ற வரம்பை வைத்து அதை எட்டியதும் நிறுத்துவார்கள் என்றார். 1978இல் அவருக்குப் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

ஒரு மூன்றில் ஒரு பங்கு முடிந்ததும் காட்டுங்கள், மேலே ‘இது வரைவு, கட்டமைப்பு சரியா என்று மட்டும் பாருங்கள்’ என்று எழுதி. கருத்து வந்ததும் அதை மூன்றாகப் பிரியுங்கள்: நன்றாக இருக்கிறது என்றது, மாற்றச் சொன்னது, ஒன்றும் சொல்லாமல் விட்டது. பெரும்பாலும் மூன்றாவதுதான் நீளமாக இருக்கும். அதாவது யாரும் குறை சொல்லாத பகுதி. நம் கண்ணுக்கு அது தெரிவதே இல்லை.

மனிதர்களிடம்

உறவில் ‘ஆவது’ அவ்வளவாகப் பயன்படாது. அங்கே உதவுவது ‘உம்’. ‘அவன் என்னை மதிக்கவே இல்லை’ என்பதற்குப் பதில், ‘என் மேல் அக்கறையும் இருக்கிறது, சொன்ன வார்த்தையைக் காப்பாற்றாத பழக்கமும் இருக்கிறது.’ ‘எனக்கு அக்கா மேல் பிரியமும் உண்டு, கோபமும் உண்டு.’ இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம் என்று ஏற்றுக்கொண்டால், கோபத்தைச் சொல்வதற்கு உறவை முறிக்கத் தேவையில்லை என்று தெரிகிறது. சண்டையில் ‘நீ எப்பவுமே இப்படித்தான்’ என்று ஆரம்பித்தால் எதிரில் இருப்பவர் தான் அப்படி இல்லாத நாலு நாளைத் தேடி எடுத்துக் காட்டுவார், பேச வந்த விஷயம் காணாமல் போகும். ‘நேற்று சொன்ன நேரத்துக்கு வரவில்லை, எனக்கு அது வருத்தமாக இருந்தது’ என்றால் பேச ஒரு விஷயமாவது இருக்கும்.

எங்கே இதையெல்லாம் செய்யக் கூடாது

சில இடங்களில் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகத்தான் இருக்க வேண்டும். குடித்துவிட்டு வண்டி ஓட்டுவதில் ‘கொஞ்சமாவது’ கிடையாது. மின் இணைப்பைத் துண்டிக்காமல் பாதிப் பாதுகாப்போடு பழுது பார்க்கக் கூடாது. உங்களை அடிப்பவரை, மிரட்டுபவரை அளவுகோலில் வைத்து ‘மற்றபடி 70 மார்க் வாங்குகிறார்’ என்று கணக்குப் போடாதீர்கள். அங்கே ‘உம்’ போட்டுப் பேசவும் வேண்டாம், பாதுகாப்பான இடத்துக்குப் போவதும் நம்பிக்கையானவரிடம் சொல்வதும்தான் முதல் வேலை.

மதுப்பழக்கத்திலிருந்து மீண்டு வருகிற பலருக்கு முழுவதும் தொடாமல் இருப்பதுதான் சரியான இலக்கு, மருத்துவர் அப்படிச் சொல்லியிருந்தால் அதில் நடு அளவு தேட வேண்டாம். ஆனால் அங்கேயும் ஒரு சறுக்கல் நடந்துவிட்டால், அதை ‘எல்லாம் முடிந்தது’ என்று எடுத்துக்கொள்வதால் வரும் குற்ற உணர்ச்சியே ஒருவரைப் பழைய நிலைக்குத் தள்ளிவிடும் என்று ஆலன் மார்லட் என்ற உளவியலாளர் 1980களில் விரிவாக விளக்கினார். இலக்கு முழுமையாக இருக்கட்டும், சறுக்கிய அன்றைக்கே உதவி கேட்பதும் திட்டத்தில் இருக்கட்டும்.

மருந்தும் அப்படித்தான். ஒரு வேளை விட்டுப்போனால், இனி எதற்கு என்று மொத்தமாக நிறுத்திவிடக் கூடாது, சரிக்கட்டுகிறேன் என்று நீங்களாக இரண்டு மடங்கு போட்டுக்கொள்ளவும் கூடாது. மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ கேட்டு, அவர்கள் சொல்கிறபடி தொடருங்கள்.

இந்தச் சிந்தனையோடு நீண்ட நாள் சோர்வு, தூக்கமின்மை, சாப்பாட்டைப் பற்றிய தீராத குற்ற உணர்ச்சி, உயிரோடு இருந்து என்ன என்ற எண்ணம் ஏதாவது சேர்ந்து வந்தால், தாளும் பேனாவும் மட்டும் போதாது. மனநல மருத்துவரையோ உளவியல் ஆலோசகரையோ பாருங்கள். கடைசியாகச் சொன்ன எண்ணம் வந்தால் இன்றைக்கே ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், தனியாக இருக்காதீர்கள். ‘என் பிரச்சினை அவ்வளவு பெரிசில்லையே, பெரிசானால் போகலாம்’ என்று தள்ளிப்போடுவதும் இதே கணக்குதான்.

முதல் வாரத்துக்கு

மேலே சொன்ன அத்தனையையும் திங்கட்கிழமை ஒரே நாளில் தொடங்கிவிடாதீர்கள், அப்படித் தோன்றினால் அது ஏன் தோன்றுகிறது என்று இந்நேரம் உங்களுக்கே புரிந்திருக்கும். ஒரே ஒரு விஷயத்தை எடுங்கள், இப்போது நின்றுபோய்க் கிடப்பது எதுவோ அது. ஒரு தாளில் அதற்கு மோசமான நாள் அளவை எழுதுங்கள். கீழே ஏழு தேதி போடுங்கள். இன்றைக்கு, இதைப் படித்து முடித்த கையோடு, அந்த அளவைச் செய்துவிட்டு முதல் தேதிக்கு எதிரே எவ்வளவு செய்தீர்கள் என்று எண்ணில் எழுதுங்கள். சரிக் குறி வேண்டாம், சரிக் குறிக்கு இரண்டே நிலைதான் உண்டு, எண்ணுக்கு நடுவில் நிறைய இடம் இருக்கிறது. 4 நிமிடம் என்றால் 4.

ஏழாம் நாள் பார்க்கும்போது ஒன்றிரண்டு வரி காலியாக இருக்கும். அந்த இடத்தில் ‘விட்டுப்போனது’ என்று எழுதுங்கள், தாளை மாற்றாமல் கீழே எட்டாவது தேதியைப் போடுங்கள்.